பேரை மறைச்சு பேசலாமா, குரூப்ல சண்டை வராம எப்படி பாத்துக்கறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

மதுரைல இருந்து ஒரு மாடித்தோட்டம் டெலிகிராம் குரூப் நடத்தறேன். ஆறு வருஷம் ஆச்சு, 4,000 பேருக்கு மேல இருக்காங்க. செடியைப் பத்தி கேக்கறதை விட "அந்த ஐடி யாருக்கா", "ஏன் பேர் போடாம பேசறாங்க", "அவரை ஏன் இன்னும் தூக்கல" இதுதான் எனக்கு பர்சனல்ல அதிகமா வருது. வேற குரூப் நடத்தறவங்களும் இதையேதான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிச்சதுல எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்வியை விட்டிருக்கேன்.

அனானிமஸ்னாலும் ஃபேக் ஐடின்னாலும் ஒண்ணுதானே அக்கா?

இல்லைங்க, இதுல மூணு விதம் இருக்கு, மூணையும் ஒண்ணாப் போட்டு குழப்பறதுலதான் பாதி சண்டையே ஆரம்பிக்குது. முதல் ஆள் பேரே இல்லாம வந்து ஒரு வரி போட்டுட்டு போயிடுவாரு, நாளைக்கு அவரேதான் வந்தாரா வேற ஆளான்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது ஆள் புனைபெயர்ல இருப்பாரு, ஆனா வருஷக்கணக்கா அதே பேர்ல இருப்பாரு. மூணாவது ஆள் இன்னொருத்தர் பேரையும் போட்டோவையும் எடுத்து வச்சுக்கிட்டு அவரா நடிக்கறவர். உண்மையான ஃபேக் ஐடின்னா அது மூணாவதுதான், அது ஏமாத்து வேலை, அதுக்கு எந்த குரூப்லயும் இடம் கொடுக்கக்கூடாது.

ரெண்டாவது வகை நமக்கு ரொம்பப் பழக்கமானது. குறுந்தொகைல செம்புலப்பெயனீரார்னு ஒரு புலவர் இருக்காரு, அவரோட சொந்தப் பேர் என்னன்னே தெரியாது, பாட்டுல வர்ற உவமையே பேரா நின்னுடுச்சு. பாரதியார் ஷெல்லிதாசன்னு பேர் போட்டு எழுதியிருக்காரு. எங்க குரூப்ல 'தூதுவளை'ன்னு ஒரு அம்மா இருக்காங்க (அம்மான்னே நாங்களா நினைச்சுக்கிட்டோம்), அஞ்சு வருஷமா யாரு எந்த செடிக்கு என்ன கேட்டாலும் பதில் சொல்றாங்க. அவங்க ஊர் கூட எனக்குத் தெரியாது, ஆனா அவங்க சொன்னா 4,000 பேரும் நம்புவாங்க. கீழ நிறைய இடத்துல இந்த ரெண்டாவது வகைக்குத்தான் திரும்பி வருவேன், ஞாபகம் வச்சுக்கோங்க.

தப்பு பண்ணாதவன் எதுக்கு பேரை மறைக்கணும்? மடியில கனம் இல்லன்னா வழியில பயம் ஏன்?

இந்தப் பழமொழியை எனக்கு அனுப்பினவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்கதான், அதை அவங்க கொஞ்சம் யோசிக்கணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு சொந்தப் பேரு, சொந்த போட்டோவோட குரூப்ல சேர்ந்துச்சு. தக்காளி இலை ஏன் சுருளுதுன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரிக்குள்ள பர்சனல்ல ஒன்பது பேர் "ஹாய்", "சாப்டீங்களா", "தூங்கலையா" அனுப்பியிருக்காங்க. ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிட்டு "சாரிக்கா நான் கிளம்பறேன்"னு வெளிய போயிடுச்சு. என்ன தப்பு பண்ணுச்சு அது? ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கீரைப் பேர்ல திரும்பி வந்துச்சு, இப்பவரைக்கும் இருக்கு, ஒருத்தனும் தொந்தரவு பண்ணல.

இது போக அரசு வேலைல இருக்கறவங்களுக்கு நடத்தை விதிகள் இருக்கு, வெளிப்படையா எதையும் பேசிட முடியாது. மனநோய்க்கு மாத்திரை எடுக்கறவங்க, குழந்தை இல்லாததைப் பத்தி பேச நினைக்கறவங்க, புகுந்த வீட்டுக்குத் தெரியாம ஆலோசனை கேக்கறவங்க இவங்கல்லாம் சொந்தப் பேர்ல எப்படி கேப்பாங்க. நம்ம ஊர்ல பேரோட ஊரையும் சேர்த்து சொன்னா அடுத்த நிமிஷமே "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கணக்கு போட ஆரம்பிச்சுடுவாங்க. தூதுவளைன்னு பேர் வச்சா அந்தக் கணக்கைப் போட முடியாது, செடியைப் பத்தி மட்டும்தான் பேச முடியும்.

எல்லாருக்கும் ஆதார் லிங்க் பண்ணிட்டா ஒரே நாள்ல எல்லாம் அடங்கிடாதா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான். கேக்கறவங்க நல்ல எண்ணத்துலதான் கேக்கறாங்க, அதனால முழுசா சொல்றேன், ஏன்னா ஒரு நாடே இதை செஞ்சு பாத்துடுச்சு. தென்கொரியால 2007ல சட்டம் கொண்டு வந்தாங்க. தினமும் 3 லட்சம் பேருக்கு மேல வர்ற வெப்சைட்ல கருத்து எழுதணும்னா உண்மையான ஆள்தான்னு நிரூபிக்கணும், அங்க ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதிவு எண் உண்டு, நம்ம ஆதார் மாதிரி. 2009ல வரம்பை 1 லட்சமா குறைச்சு இன்னும் நிறைய தளங்களை உள்ள இழுத்தாங்க. யூடியூப் அந்த வருஷம் அதுக்கு ஒத்துக்காம கொரியா பக்கத்துல வீடியோ ஏத்தறதையும் கமெண்ட் போடறதையுமே நிறுத்திடுச்சு, அங்க இருந்த ஜனங்க நாட்டை மட்டும் மாத்தி செட் பண்ணிக்கிட்டு வழக்கம்போல போட்டுக்கிட்டு இருந்தாங்க.

பலன் என்னன்னா, கெட்ட கமெண்ட் குறைஞ்சது ஒரு சதவீதம் கூட இல்லைன்னு கணக்கு வந்துச்சு. சொந்தப் பேர் தெரியும்னு தெரிஞ்சும் திட்டறவங்க திட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. 2011 ஜூலைல அங்க இருந்த பெரிய இணைய நிறுவனம் ஒண்ணை ஹேக் பண்ணி மூன்றரை கோடி பேரோட விவரத்தை அள்ளிட்டுப் போயிட்டாங்க, அந்த நாட்டு ஜனத்தொகையே அப்போ 5 கோடி வாக்குலதான். கடைசில 2012 ஆகஸ்ட் 23ம் தேதி அவங்க அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதா அந்தச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. பேச்சுரிமை சுருங்கினதுதான் மிச்சம், அதுக்கு ஈடா பொதுமக்களுக்கு கிடைச்ச நன்மைன்னு எதையும் காட்ட முடியலங்கறதுதான் தீர்ப்போட சாரம். நம்ம ஆதாரை ஊர்ல இருக்கற ஒவ்வொரு சைட்டும் வாங்கி வச்சா அது ஒருநாள் எங்க போய் நிக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அது கவர்மென்ட். கம்பெனிக்காரன் தானே ரூல் போட்டா ஒழுங்கா பண்ணுவான்ல?

அவங்களும் பண்ணிப் பாத்தாங்க. 2010 ஜூலைல ப்ளிஸார்ட்ங்கற கேம் கம்பெனி எங்க இணைய விவாத மேடைல இனிமே உண்மைப் பேர்லதான் பேசணும்னு அறிவிச்சாங்க. இதுல ஒரு ஆபத்தும் இல்லைன்னு காட்ட அவங்க ஊழியர் ஒருத்தரே சொந்தப் பேரைப் போட்டாரு, கொஞ்ச நேரத்துல அவர் போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாத்தையும் ஜனங்க தோண்டி எடுத்துப் போட்டுட்டாங்க. மூணே நாள்ல திட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. கூகுளோட சமூக வலைத்தளமா இருந்த கூகுள் பிளஸ் 2011ல இதே பிடிவாதம் பிடிச்சு 2014ல விட்டுடுச்சு. ஃபேஸ்புக்கும் 2014ல மேடைப் பேர்ல இருந்த கலைஞர்களோட கணக்கையெல்லாம் முடக்கிட்டு அப்புறம் பகிரங்கமா மன்னிப்பு கேட்டுச்சு.

அப்போ முகம் தெரியலன்னா நல்ல மனுஷன் கூட ஏன் இப்படி ஆயிடறான்?

ஜான் சூலர்னு ஒரு உளவியலாளர் 2004ல இதைப் பத்தி எழுதினாரு, இன்னைக்கும் எல்லாரும் அதைத்தான் எடுத்துக் காட்டறாங்க. பேர் தெரியாததுங்கறது அவர் சொன்ன ஆறு காரணத்துல ஒண்ணுதான். முகம் தெரியாதது தனிக் காரணம், பதில் உடனே வராததும் ஒரு காரணம், நீங்க எழுதிட்டுப் போயிடலாம், எதிராளி முகம் சுருங்கறதை பாக்கவே வேண்டாம். எழுத்தைப் படிக்கும்போது அவர் குரலை நாமளே மனசுக்குள்ள கற்பனை பண்ணிக்கறோம், அதுவும் ஒண்ணு. இதை நான் தினமும் பாக்கறேன், "சரி" அப்படின்னு ஒருத்தர் போட்டா ஒருத்தருக்கு அது சம்மதமா கேக்கும், இன்னொருத்தருக்கு சலிச்சுக்கிட்ட மாதிரி கேக்கும்.

2012ல இஸ்ரேல்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஒரு உயிர் காக்கற மருந்து, ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், யாருக்குன்னு சேட்ல பேசி முடிவு பண்ணுங்கன்னு விட்டாங்க. சில ஜோடிக்கு பேர் தெரியும், சில ஜோடிக்கு உருவம் தெரியும், சில ஜோடிக்கு கண்ணைக் கண் பாக்கற மாதிரி கேமரா இருக்கும். அதிகமா கெட்ட வார்த்தை எங்க வந்துச்சுன்னா, கண்ணைப் பாக்க முடியாத இடத்துல. பேர் தெரியறதை விட கண் தெரியறது பெருசு. நேர்ல பஸ்ல இடிச்சவனைக் கூட ஒரு நிமிஷம் முகத்தைப் பாத்தா "பரவால்லங்க"ன்னு வந்துடுது நமக்கு.

சில ஜென்மங்க பிறவியிலேயே அப்படித்தான், திருத்தவே முடியாது. சரிதானே?

அப்படி கொஞ்சம் பேர் இருக்காங்கதான். ஆனா 2017ல ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழகக்காரங்க சேர்ந்து பண்ண ஆராய்ச்சியைப் படிச்சதுக்கு அப்புறம் நான் ஆளைத் திட்டறதைக் குறைச்சுக்கிட்டேன். வந்தவங்கள்ல சில பேருக்கு சுலபமான கேள்வித்தாள், சில பேருக்கு வேணும்னே கஷ்டமான கேள்வித்தாள் கொடுத்து மூடைக் கெடுத்தாங்க. அப்புறம் ஒரு கட்டுரையைக் காட்டி கருத்து எழுதச் சொன்னாங்க, சில பேருக்கு மேலயே ஏற்கெனவே மோசமான கமெண்ட் இருக்கற மாதிரி காட்டினாங்க. மூடும் நல்லா இருந்து மேல இருக்கற கமெண்டும் நல்லா இருந்தா மோசமா எழுதினது 35 சதவீதம், ரெண்டும் கெட்டுப் போனா 68 சதவீதம். ஒரே மாதிரி ஜனங்கதான்.

அட்மினா இருக்கறவங்களுக்கு இதுல இருந்து ஒரு வேலை வருது. யாரு எந்த மூட்ல போனை எடுக்கறாங்கன்னு நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, முதல் நாலு பதில் எப்படி இருக்குங்கறதை நம்மால பாத்துக்க முடியும். புதுசா யாராவது கேள்வி கேட்டா முதல் பதில் நல்ல பதிலா விழணும்னு நான் தூதுவளை மாதிரி நாலஞ்சு பேர்கிட்ட சொல்லியே வச்சிருக்கேன்.

எங்க ஃபேமிலி குரூப்ல எல்லாரும் சொந்தப் பேர்தான், மாமா சித்தப்பான்னு. அங்கதான் அடிச்சுக்கறாங்க, அது எப்படி?

ஏன்னா அவங்க தப்பு பண்றதா அவங்க நினைக்கல, நியாயத்துக்காக போராடறதா நினைக்கறாங்க. ஜெர்மனில ஆன்லைன் மனு போடற ஒரு தளத்துல வந்த கமெண்டை எடுத்து ஆராய்ஞ்சு 2016ல ஒரு முடிவு வெளியிட்டாங்க, சொந்தப் பேர்ல எழுதினவங்கதான் இன்னும் அதிகமா கடுமையா எழுதியிருந்தாங்க. பேரோட எழுதினா "நான் யாருக்கும் பயப்படல"ன்னு ஒரு கெத்து கிடைக்குது, கூட இருக்கறவங்க கை தட்டறது தன் பேருக்கே வந்து சேருது. எங்க குரூப்ல இதுவரைக்கும் நடந்த பெரிய சண்டையும் சொந்தப் பேர், சொந்த போட்டோவோட இருந்த ஒருத்தராலதான் வந்துச்சு, அதைக் கீழ சொல்றேன்.

சரி, எத்தனை ரூல்ஸ் வைக்கணும்? எங்க குரூப்ல 23 இருக்கு.

23ஐ நீங்களே மனப்பாடமா சொல்ல முடியாதுங்க. எங்ககிட்ட அஞ்சு இருக்கு. கேக்காம பர்சனல் மெசேஜ் அனுப்பக்கூடாது. ஒருமையில பேசக்கூடாது. ஜாதி, மதம், கட்சி வேண்டாம். விக்கறதுக்கு சனிக்கிழமை மட்டும். ஒருத்தர் யாருன்னு தோண்டக்கூடாது. கடைசியா சொன்னதை மீறினா எச்சரிக்கை கிடையாது, நேரா வெளிய.

எத்தனைங்கறதை விட எங்க வைக்கறீங்கங்கறது முக்கியம். ரெட்டிட்ங்கற விவாதத் தளத்துல அறிவியல் பேசற பெரிய பகுதி ஒண்ணு இருக்கு, கோடிக்கு மேல உறுப்பினர்கள். அங்க 2016ல ஆராய்ச்சியாளர் நேத்தன் மத்தியாஸ் ஒரு சின்ன வேலை பண்ணாரு. சில உரையாடலோட தலையில ரூல்ஸை ஒட்டி, இதை மீறினா நீக்குவோம், இத்தனை பேர் இதைப் பாத்துக்கறோம்னு எழுதினாங்க, மத்ததை அப்படியே விட்டாங்க. ஒட்டின இடத்துல புதுசா வர்றவங்க ரூல்ஸை மதிக்கறது 8 சதவீதப் புள்ளி கூடுச்சு. எனக்கு அதை விட ஆச்சரியம், புதுசா வந்து பேசறவங்க எண்ணிக்கையே சராசரியா 70 சதவீதம் ஏறுச்சு. ரூல்ஸ் போட்டா கூட்டம் ஓடிடும்னு நாம பயப்படறோம், இங்க என்ன நடக்கும்னு தெளிவா தெரிஞ்சதும்தான் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்னவங்க உள்ள வர்றாங்க.

ரூல்ஸ் பின் பண்ணித்தான் வச்சிருக்கேன், யாரும் படிக்கறதே இல்ல.

பின் பண்ணினது ஒரு வாரத்துல கண்ணுக்கு மறைஞ்சுடும். சேரும்போதே கேளுங்க. நார்வேயோட பொது ஒளிபரப்பு நிறுவனத்துல தொழில்நுட்பப் பகுதி நடத்தறவங்க 2017ல கமெண்ட் போடறதுக்கு முன்னாடி கட்டுரைல இருந்தே மூணு கேள்வி வச்சாங்க, பதில் சொன்னாதான் பெட்டி திறக்கும், படிக்காம கத்தறவங்களுக்கு அந்த பதினஞ்சு செகண்ட்ல சூடு கொஞ்சம் இறங்கும்ங்கறது அவங்க எண்ணம். நாங்களும் சேர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறோம், "இந்த குரூப்ல எந்த நாள்ல விக்கலாம்?" பதில் ரூல்ஸ்லதான் இருக்கு.

சண்டை சூடாகும்போது அட்மின் எப்போ உள்ள வரணும்? எப்படி?

அந்த சண்டையையே சொல்றேன். ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், ஒருத்தங்க செம்பருத்தில மாவுப்பூச்சின்னு போட்டோ போட்டாங்க, தண்டு முழுக்க வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி. தூதுவளை வழக்கம்போல வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புத் தண்ணி, ஒரு லிட்டர்ல கலந்து சாயங்காலம் அடிங்கன்னாங்க. பூச்சிமருந்துக் கடை வச்சிருக்கற ஒரு அண்ணன், "அதெல்லாம் பூச்சிக்கு எண்ணெய் தேச்சு குளிப்பாட்டற வேலை, மருந்து அடிங்க"ன்னாரு. யாரோ ஒருத்தர் "விஷம் விக்கறவர் விஷத்தைத்தான் சொல்வாரு"ன்னு போட, அண்ணன் தூதுவளையைப் பாத்து "மூஞ்சியைக் காட்ட துப்பில்ல, உனக்கு என்னடி தெரியும்"னு எழுதிட்டாரு. நான் பாக்கும்போது 11:20. நடுவுல 140 மெசேஜ். செம்பருத்தி கேட்டவங்க அரை மணி நேரமா ஒரு வார்த்தை பேசல.

அன்னைக்கு நான் பண்ணது தப்பு, 140ஐயும் மொத்தமா அழிச்சுட்டு "எல்லாரும் தூங்குங்க"ன்னு போட்டேன். திட்டினவர், திட்டு வாங்கினவங்க ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்ச மாதிரி ஆயிடுச்சு, தூதுவளை பத்து நாள் வரவே இல்ல. அதுக்கப்புறம் இப்படித்தான் செய்றோம்: பத்து நிமிஷத்துல பதில் வேகம் ஏறினா ஸ்லோ மோட் போடறோம், ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ்தான். ரூல் மீறின அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு, எந்த வரி, எந்த ரூல், ஏன்னு குரூப்லயே ரெண்டு வரில சொல்றோம். ஆளைத் திருத்தற பேச்சு மட்டும் பர்சனல்ல, அதுவும் மறுநாள் காலைல. கடைசியா முதல்ல கேட்ட கேள்வியை மறுபடி மேல கொண்டு வர்றோம், ஏன்னா செம்பருத்தி இன்னும் செத்துக்கிட்டுதான் இருக்கு.

மெசேஜை டிலீட் பண்ணா கருத்துச் சுதந்திரம் போச்சுங்கறாங்களே?

அரசாங்கம் உங்களை ஜெயில்ல போடறதும், ஒரு மாடித்தோட்ட குரூப்ல ஒரு வரியை எடுக்கறதும் ஒண்ணு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, இணையத்துல யாருக்காவது "எரிச்சல்" வர்ற மாதிரி எழுதினாலே கைது பண்ணலாம், மூணு வருஷம் வரைக்கும் சிறை. 2015 மார்ச் 24ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை முழுசா ரத்து பண்ணுச்சு, பண்ணினது சரிதான். ஆனா என் வீட்டு மாடிக்கு வந்தவர் இன்னொரு விருந்தாளியைத் திட்டினா வெளிய போங்கன்னு சொல்ற உரிமை எனக்கு உண்டு. அதை ஆளுக்கு ஒரு மாதிரி செய்யாம எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யணும், எனக்குப் பிடிக்காத கருத்தை எடுக்கறதுக்கு அதைப் பயன்படுத்தினா நீங்க தாராளமா என்னைக் கேக்கலாம்.

பேன் பண்ணி என்ன பிரயோஜனம், வேற ஐடில வந்துடுவான்ல?

வருவாங்க, சில பேர். அங்கதான் முதல் பதில்ல சொன்ன ரெண்டாவது வகை உதவுது. எங்க குரூப்ல புதுப் பேருக்கு முதல் வாரம் எழுத்து மட்டும்தான், லிங்க் போட முடியாது, வித்துக்க முடியாது. அஞ்சு வருஷமா சம்பாதிச்ச பேர் போயிடும்னா ஆள் யோசிப்பாரு, நேத்து உருவாக்கின பேர் போனா யாருக்கும் நஷ்டமில்ல.

கூடற இடத்தை மூடினா பலன் இருக்கான்னும் பாத்திருக்காங்க. ரெட்டிட் 2015ல வெறுப்புப் பேச்சுக்குன்னே இருந்த சில பகுதிகளை மூடுச்சு, அதுல ரெண்டை எடுத்து ஆராய்ஞ்சாங்க. நிறைய பேர் அந்தத் தளத்தையே விட்டுப் போனாங்க, இருந்தவங்க அப்படிப் பேசறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுடுச்சு, அவங்க போய்ச் சேர்ந்த மத்த பகுதிகள்லயும் வெறுப்பு கூடல. வெளிய போனவங்க வேற எங்கயாவது போய் பேசியிருப்பாங்கதான், அதையும் சொல்லணும்.

மரியாதையாவே பேசி விஷம் கக்கறாங்க. "நீங்க" "வாங்க"ன்னுதான் சொல்றாங்க, ஆனா எரியுது. இதுக்கு என்ன ரூல்?

ரொம்ப நல்ல கேள்வி, எனக்கே பல நாள் குழப்பமா இருந்துச்சு. தமிழ்ல 'ங்க' சேர்த்துட்டா மரியாதை வந்துட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துடும். "உங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லையே மேடம்"னு ஒருத்தர் எழுதினாரு, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஆனா படிச்ச அந்தம்மாவுக்கு எங்க குத்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சுச்சு. அதுக்கு அவங்க கோவமா பதில் போட்டதும், "பாருங்க நான் மரியாதையாத்தான் பேசினேன், அவங்கதான் கத்தறாங்க"ன்னு அவர் என்கிட்ட புகார் கொடுத்தாரு.

அப்போதான் முடிவு பண்ணோம், குரல் உயர்ந்ததை மட்டும் பாக்கறது நியாயமில்ல, யாரு யாரைக் குறி வச்சாங்கன்னு பாக்கணும். கோவப்படலாம், செடி செத்தா அழலாம், ஒரு மருந்தைத் தப்புன்னு காட்டமா சொல்லலாம். ஒருத்தரோட பிறப்பு, உடம்பு, ஊர், படிப்பு, ஆணா பெண்ணாங்கறது பக்கம் பேச்சு திரும்புச்சுன்னா எவ்வளவு தேன் தடவி இருந்தாலும் எடுத்துடறோம். அதே சமயம் ஒருமையில பேசக்கூடாதுங்கற ரூலையும் கண்ணை மூடிக்கிட்டு பிடிச்சுக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் எல்லாரையும் "வாடே, என்னடே"ன்னுதான் கூப்பிடுவாரு, அது அன்பு, கூப்பிடப்படறவங்களுக்கும் தெரியும். எதிர்ல இருக்கறவங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்திடணும், அவ்வளவுதான்.

நிஜமாவே யாருக்கும் தெரியாம இருக்க முடியுமா?

பக்கத்துல இருக்கறவங்ககிட்ட இருந்து ஓரளவு மறைக்கலாம். போலீஸ், கோர்ட் கேட்டா முடியாது. நீங்க எந்த ஐபில (உங்க இணைய இணைப்போட முகவரி எண்) இருந்து வந்தீங்க, எந்த நம்பர்ல கணக்கு திறந்தீங்கங்கறது எங்கயோ பதிவாகிக்கிட்டேதான் இருக்கு, சட்டப்படி கேட்டா கம்பெனி கொடுக்கும். அதனால புனைபெயர்ல இருந்தா எதை வேணா பண்ணலாம்னு நினைக்கறது தப்புக்கணக்கு.

நாமளே காட்டிக் கொடுத்துக்கறதுதான் அதிகம். வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்தாலே உங்க நம்பர் மத்த உறுப்பினர்களுக்குத் தெரியும், பேர் மறைச்சு வேலையே இல்ல. டெலிகிராம்ல ப்ரைவசி செட்டிங்ல போய் நம்பரை "யாருக்கும் வேண்டாம்"னு வைக்கணும். போட்டோவை ஃபைலா அனுப்பினா எடுத்த இடம் உள்ளயே ஒட்டிக்கிட்டு வரலாம், லொக்கேஷனை கேமராலயே ஆஃப் பண்ணுங்க. எங்க குரூப்ல ஒரு பொண்ணு மல்லிச்செடியை போட்டோ எடுத்துப் போட்டுச்சு, பின்னாடி நீல கலர் தண்ணி டேங்க், அதுக்குப் பின்னாடி கோபுரத்தோட ஒரு ஓரம். ரெண்டே நிமிஷத்துல ஒருத்தர் "எங்க தெருவுக்கு அடுத்த தெரு"ன்னு போட்டாரு, அவர் சந்தோஷத்துலதான் சொன்னாரு, ஆனா அந்தப் பொண்ணு பயந்துடுச்சு. செடியை மட்டும் பக்கத்துல வச்சு எடுங்க.

மிரட்டறாங்க, போட்டோவை போட்டுடுவேங்கறாங்க. பேர் தெரியாத ஐடி. என்ன பண்றது?

முதல்ல எதையும் அழிக்காதீங்க. ஐடி பேர், அதோட லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அப்புறமா பிளாக் பண்ணுங்க. காசு கொடுக்காதீங்க, கொடுத்தா திரும்பக் கேப்பாங்க. மத்திய அரசோட சைபர் குற்றப் புகார் தளத்துல புகார் போடலாம், பெண்கள், குழந்தைகள் சம்பந்தமானதுக்கு தனிப் பிரிவே இருக்கு, உங்க மாவட்ட சைபர் க்ரைம் போலீஸ்கிட்டயும் போகலாம். பணம் போயிடுச்சுன்னா உடனே 1930க்கு போன் பண்ணுங்க. பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கு. அந்தரங்கப் படம்னா 'ஸ்டாப் என்சிஐஐ'ங்கற தளம், படத்தை எங்கயும் அனுப்ப வேண்டாம், உங்க போன்லயே அதோட கைரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகி அது மட்டும் போகும், அதுல சேர்ந்த கம்பெனிகள் அந்தப் படம் வந்தா தடுப்பாங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க, தனியா வச்சுக்கிட்டு மருகாதீங்க.

உறுப்பினர் தப்பா போட்டா அட்மின் மேல கேஸ் வருமா?

அட்மினா இருக்கற ஒரே காரணத்துக்காக குற்றவாளி ஆக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. பம்பாய் உயர்நீதிமன்றத்தோட நாக்பூர் அமர்வு 2021ல அப்படிச் சொல்லுச்சு. கரூர் வக்கீல்கள் குரூப் சம்பந்தமான வழக்குல நம்ம மதுரைக்கிளை அதே வருஷம் டிசம்பர்ல, அட்மின் வேலை மட்டும்தான் பண்ணியிருந்தா அவர் பேரை எடுத்துடுங்கன்னு போலீஸுக்குச் சொல்லுச்சு. கேரளா உயர்நீதிமன்றமும் 2022 பிப்ரவரில அதே பக்கம்தான். ஆனா அட்மினும் உறுப்பினரும் சேர்ந்து திட்டம் போட்டு பண்ணியிருந்தா அது வேற. அதனால கேஸுக்கு பயந்து குரூப்பை மூட வேண்டாம், தப்பானது கண்ல பட்டதும் எடுத்துட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட் வச்சுக்கோங்க.

அட்மின் மட்டும் பேர் மறைச்சு இருக்கலாமா?

இருக்கலாம், ஆனா ஒரே பேர்ல இருக்கணும். டெலிகிராம்ல குரூப் பேர்லயே அட்மின் பேசற வசதி இருக்கு, அறிவிப்புக்கு அது சரி. ஒருத்தரை நீக்கும்போது அதை நான் விரும்பறதில்ல, யாரு நீக்கினாங்கன்னு தெரியாம நீக்கினா அவர் யார்கிட்ட போய் முறையிடுவாரு? நாங்க மூணு அட்மின், ஒருத்தர் நீக்கினா இன்னொருத்தர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம், இதுவரைக்கும் ஏழு பேரைத் திரும்ப சேர்த்திருக்கோம்.

எனக்கு அட்மின் வேலையே வெறுத்துப் போச்சுக்கா. தினமும் குப்பை அள்ற மாதிரி இருக்கு.

உங்களுக்கு மட்டும் இல்லம்மா. இதையே சம்பளத்துக்கு செய்றவங்க மனசு உடைஞ்சு வழக்கு போட்டு, 2020ல ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டுச்சு. நீங்க சும்மா செய்றீங்க. வாரத்துல ரெண்டு நாள் குரூப்பை ம்யூட் போட்டு இன்னொருத்தர்கிட்ட விடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல குரூப்பை மூடிடுங்க, அட்மின் தவிர யாரும் எழுத முடியாத மாதிரி. நாங்க மாவுப்பூச்சி சண்டைக்கு அப்புறம் பத்துல இருந்து காலை அஞ்சரை வரைக்கும் மூடறோம், முதல் வாரம் நிறைய பேர் கோவிச்சுக்கிட்டாங்க, இப்போ யாரும் கேக்கறதில்ல.

நானே ஒருத்தரைக் கண்டபடி பேசிட்டேன். குரூப்ல முகத்தைக் காட்டவே கூச்சமா இருக்கு, புது ஐடில வந்துடவா?

வேண்டாம், அதே பேர்ல வாங்க. அந்த பூச்சிமருந்துக்கடை அண்ணனும் இதையேதான் என்கிட்ட கேட்டாரு, புது நம்பர்ல வர்றேங்கன்னு. நான் சொன்னது, எங்க சொன்னீங்களோ அங்கயே வந்து, விளக்கம் எல்லாம் கொடுக்காம, எந்த வார்த்தை தப்போ அதை மட்டும் சொல்லிக் கேளுங்கன்னு. "ஆனா நீங்களும்" அப்படின்னு ஆரம்பிச்சா அது மன்னிப்பு கிடையாது.

ஒரு வாரம் யோசிச்சாரு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, "தூதுவளை அம்மா, அன்னைக்கு உங்களை 'டி' போட்டு பேசினது தப்பு, மன்னிச்சுக்கோங்க"ன்னு ஒரே வரி. அவங்க அன்னைக்கு பதில் போடல. நாலு நாள் கழிச்சு குரூப்ல அவரையே கேட்டு ஒரு மெசேஜ் போட்டாங்க, "கடைக்காரத் தம்பி, எங்க கொய்யால வேப்பெண்ணெய் அடிச்சும் மாவுப்பூச்சி போகல, மூணு வாரம் ஆச்சு, என்ன பண்ணலாம்?"